கருக்கலுக்கு யார் அழுவது

வில்லனுக்கு முகம் கிடைத்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் வேதகிரி அண்ணன் ஃபிளக்ஸ் கடை வைத்திருக்கிறார். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே அச்சாகும். நான், இளமதி, அந்தக் கடையில் வாசகம் அடிப்பவள். 'இமயம் சரிந்தது', 'ஆலமரம் சாய்ந்தது' என்று முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் துக்கப்பட்டு அலுத்துப்போய், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில், "படக்கதை பண்ணலாமாண்ணா?" என்று கேட்டேன். அவருக்கு முன்பே கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. நான் எழுத, அவர் வரைய, வாரம் ஒரு பகுதியாக இணையத்தில் போட ஆரம்பித்தோம்.

நாயகன் பெயர் விடியன். முகமூடி போட்டிருப்பான், பறப்பான், எரிகிற கட்டடத்திலிருந்து குழந்தைகளைத் தூக்கிவருவான். நல்லவனை எழுதுவதைப் போல அலுப்பான வேலை வேறில்லை. எனக்குப் பிடித்தவன் வில்லன்தான். அவன் பெயர் கருக்கல். பணம் வேண்டாம், பதவி வேண்டாம், விடியன் தன்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தால் போதும் என்று அலைபவன். அதற்காகப் பாலத்தைப் பிளப்பான், மின் கோபுரத்தைச் சாய்ப்பான். விடியன் வருவான், ஜனங்களைக் காப்பாற்றுவான், இவன் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் போவான். இருட்டறையில் சுவர் முழுக்க விடியன் படங்களை ஒட்டிவைத்து, தட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி கருக்கல் சோறு தின்பதாக ஒரு பக்கம் எழுதினேன். ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள் அதை எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முகத்துக்கு வருகிறேன். கடைக் கம்ப்யூட்டரில் கண்ணீர் அஞ்சலிப் படங்களுக்கென்று தனி ஃபோல்டர் உண்டு. விழா பேனருக்கு வருகிற முகமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு வரும். செத்தவர்களுக்கு மட்டும் வீட்டில் நல்ல போட்டோ இருக்காது, வோட்டர் ஐடியில் உள்ளதைத்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். "சிரிக்காத மூஞ்சி வேணும்னா இங்கதான் கெடைக்கும்" என்று அண்ணன் அந்த ஃபோல்டரைத் திறந்தார். அடர்ந்த புருவமும் எதையோ உற்றுப் பார்க்கிற கண்ணுமாக ஒருவர் இருந்தார். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கறுப்பு அங்கி மாட்டியதும் கருக்கல் தயார். செத்தவர் எழுந்து வந்து கேட்கப் போகிறாரா என்றார் அண்ணன். செத்தவருக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி இருப்பாளே என்பது எங்கள் இருவர் மரமண்டைக்கும் எட்டவில்லை.

கடைசிப் பகுதியை வரைந்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்த அம்மாள் வந்தார். கையில் செல்போன். அதைக் கவுன்ட்டர் மேல் வைத்து எங்கள் பக்கம் திருப்பினார். கருக்கல் முறைத்துக்கொண்டிருந்தான்.

"இந்த பொம்ம கத போடறது இங்கதானா?"

"ஆமாக்கா. ஏன்?" என்றேன்.

"இவரு எங்கூட்டுக்காரரு. தாண்டவராயன். போன ஆவணியில தவறிட்டாரு. பேனரும் நீங்கதான் போட்டீங்க."

வேதகிரி அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முகம் வெளிறிவிட்டது. "தப்பு நடந்துபோச்சிக்கா. போட்டது எல்லாத்தையும் எடுத்துடறேன். மூஞ்ச மாத்திடறேன்."

"மாத்தறது அப்பால இருக்கட்டும். மொதல்ல இதுல அவரு இன்னா பண்றாருன்னு சொல்லு. எங்க அக்கா பேத்தி காமிச்சா. எழுத்து பொடிப்பொடியா கீது, எனக்கு தெரியல."

ஜெயம்மாள் என்று பெயர் சொன்னார். ஊர் திருமுக்கூடல் பக்கம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொல் என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"நல்லவனா கெட்டவனா, அத்த சொல்லு."

"கெட்டவன்தான்க்கா."

"சரி. எதுக்கு கெட்டவன்?"

சொன்னேன். விடியனைப் பற்றி, அவன் திரும்பிப் பார்க்காததைப் பற்றி, படம் ஒட்டிய சுவரையும் சோற்றுத் தட்டையும் பற்றி. சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கோபம் என்றுதான் நினைத்தேன்.

"இதெல்லாம் யாரு சொன்னாங்க உனக்கு? சின்னராசு வந்து சொன்னாரா?"

"யாரும் சொல்லலக்கா. சின்னராசுன்னா யாரு?"

"அவரு தம்பி."

என்னை நம்புவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார்.

"அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு இல்ல. எதுக்குன்னு எனக்கே தெரியாது. சின்னராசு நல்லவரு, நான் சொல்லக்கூடாது, இருந்தாலும் நல்லவருதான். ஆத்துல வெள்ளம் வந்தப்ப கயிறு கட்டிக்கினு எறங்கி ஊரு மாட்டயெல்லாம் கரையேத்துனாரு. பேப்பர்ல போட்டோ வந்துச்சி. அன்னிக்கி புட்ச்சிது இவருக்கு இந்த பைத்தியம். தம்பி நாத்து வுட்டா இவரும் அன்னிக்கே வுடணும். தம்பி வேர்க்கடல போட்டா, இவரு வளந்து நிக்கற பயிர மடக்கி உளுதுட்டு கடல போடுவாரு. டீக்கடையில அவரு முதுகுக்கு பின்னால போயி ஒக்காருவாரு. வரப்புல நின்னுக்கினு பொழுதுக்கும் தம்பி கொல்லையயே பாத்துக்கினு கெடப்பாரு. அந்த மனுசன் ஒரு தடவ திரும்பல."

"அப்பறம்?" என்று கேட்டவர் வேதகிரி அண்ணன். பயத்தை மறந்து, கம்ப்யூட்டரில் வரைகிற பேனாவைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பறம் இன்னா. தம்பி கொல்லையில அறுப்பு மிஷினு எறங்குன அன்னிக்கி வரப்புல நின்னு பாத்துக்கினே சாஞ்சிட்டாரு. சின்னராசுதான் தூக்கினு ஓடனாரு. அப்பதான் அண்ணன் மூஞ்ச பாத்தாரு. அதுக்குள்ள இவருக்கு கண்ணு சொருகிப்போச்சி."

நானாக இட்டுக்கட்டினேன் என்று பெருமைப்பட்டுக்கொண்ட ஒருவன், திருமுக்கூடலில் ஒரு வரப்பின் மேல் பல வருஷம் நின்று வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறான். அவனோடு ஒருத்தி குடித்தனமும் நடத்தியிருக்கிறாள்.

"கடைசியில இவர இன்னா பண்ணப்போறீங்க?"

வேண்டாம் என்று அண்ணன் கண்ணைக் காட்டினார். ஆனால் அந்த அம்மாளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஏரிக்கரைய ஒடைக்கப் போறான்க்கா. விடியன் வந்து தடுக்கறான். சண்டையில இவன், ஏரித் தண்ணி வழியற கலங்கல் கல்லு மேல வுழுந்துடறான். விடியன் திரும்பிப் பாக்காம போயிடறான். அவன் போற தெசையப் பாத்துக்கினே இவன் உயிரு போவுது."

"அப்பால?"

"அவ்ளோதான். முடிஞ்சிது."

"யாரு அளுவாங்க?"

எனக்குப் புரியவில்லை. "கெட்டவனுக்கு யாருக்கா அழுவாங்க?"

"இன்னா பொண்ணு நீ. படுகளம் பாத்ததில்லியா? துரியோதனனுக்கே அளுவறதுக்கு ஒருத்தி வர்றா இல்ல? உன் கதையில இவருக்கு ஒருத்தி இல்லியா?"

பார்க்காமல் என்ன. எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து நடத்துகிற ஊரில் கடைசி நாள் துரியோதனனை மண்ணால் படுக்கவைப்பார்கள். பஞ்ச பாண்டவர் யாருக்கும் அந்த அளவில் உருவம் கிடையாது, கெட்டவனுக்குத்தான் மைதானம் கொள்ளாத உடம்பு. பீமன் வேஷக்காரர் தொடையைப் பிளந்ததும் ஜனம் கலைந்துவிடாது. அவன் பெண்டாட்டி வேஷம் கட்டியவர் தலைவிரி கோலமாக வந்து, துடைப்பத்தால் அவனை அடித்து, திட்டி, பிறகு ஒப்பாரி வைப்பார். அதையும் பார்த்த பிறகுதான் ஆளுக்குப் பிடி மண் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். கெட்டவனைக் கொன்றால் மட்டும் போதாது, அவனுக்காக ஒருத்தி அழுதும் தீர வேண்டும் என்று இதை ஏற்படுத்தியவர்கள் நினைத்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த நான், கருக்கலுக்கு அம்மா இல்லாமல், பெண்டாட்டி இல்லாமல், சோறு பொங்கிப் போட ஆள்கூட இல்லாமல் எழுதியிருக்கிறேன். அவன் தட்டில் சோறு எப்படி வந்தது என்று யோசிக்காத நான் என்ன எழுத்துக்காரி. வெட்கமாக இருந்தது.

"அவர சாவடிச்சிக்க, வேணாங்கல," என்றார் ஜெயம்மாள். "அளுவறதுக்கு என்னிய வரஞ்சி போடு."

"அக்கா?"

"நெசத்துல நான் அளுவல. சின்னராசு பொரண்டு பொரண்டு அளுதாரு, அத்த பாத்து ஊரே அளுதுச்சி. நான் கல்லு மாரி ஒக்காந்துகினு இருந்தேன். இன்னா பொம்பள இவன்னு இன்னிக்கும் பேசிக்கினுதான் கீறாங்க. எப்டி அளுவறது சொல்லு. சோறு போட்டா ஜன்னலதான் பாப்பாரு. பேசனா தம்பி வூட்டு பக்கமாதான் காது. என்னிய ஏறெடுத்து பாக்கவே இல்ல அந்தாளு. செத்தப்பவும் கண்ணு அங்கதான். எனக்கு கோவந்தான் வந்துச்சி. அளுவ வர்ல."

அந்தக் குரலில் அழுகை கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கருக்கலை விடியன் பார்க்கவில்லை என்று பக்கம் பக்கமாக உருகியவள் நான். கருக்கல் பார்க்காமல் விட்டவள் இதோ எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, வரைங்க" என்றேன்.

"முடிய அவுத்து வுடணுமா?" என்று கேட்டார் ஜெயம்மாள்.

"வேணாக்கா. சும்மா ஒக்காருங்க," என்றார் அண்ணன்.

அவர் வரைய வரைய மானிட்டரில் படம் எழுந்தது. கலங்கல் கல்மேல் கருக்கல் மல்லாந்து கிடந்தான். அவன் தலைமாட்டில், கொண்டை கலையாமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்தாள். தூரத்தில் விடியனின் முதுகு சின்னதாகத் தெரிந்தது. கருக்கலின் கண் அந்த முதுகின் மேல் இருந்தது. நான் எழுதிக் கொடுத்தது அப்படித்தான்.

ஜெயம்மாள் எழுந்து வந்து பார்த்தார். படத்தில் இருந்த தன்னைப் பார்க்கவில்லை, கருக்கலின் கண்ணைத்தான் பார்த்தார்.

"நைனா," என்றார் அண்ணனிடம். "அந்த கண்ண கொஞ்சம் இப்டி திருப்ப முடியுமா? நான் ஒக்காந்துகினு கீறேனே, இந்த பக்கம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தக் கண் திரும்பினால் கருக்கல் கருக்கலே இல்லை. ஆரம்பத்திலிருந்து எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். வாசிக்கிற பிள்ளைகள் காறித் துப்புவார்கள். எல்லாம் தெரிந்தும் நான் தலையாட்டினேன். கதை நாசமாய்ப் போகட்டும் என்று இருந்தது எனக்கு.

கண்மணி இரண்டையும் அழித்துவிட்டு, அண்ணன் புதிதாக வரைந்தார். சின்ன வேலைதான், பேனா இரண்டு இடத்தில் தொட்டது. கருக்கல் இப்போது அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். புருவத்தில்கூட எப்படியோ ஒரு தணிவு வந்துவிட்டது.

ஜெயம்மாள் மானிட்டருக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இது அவரு இல்ல," என்றார் கடைசியில். "அவரு இப்டி பாக்க மாட்டாரு. பழையபடியே வெச்சிடு. இருந்தா மாரியே போவட்டும்."

"சரிக்கா" என்று சொல்லி, அண்ணன் பழையதைக் கொண்டுவரக் கீபோர்டுக்குக் கையைக் கொண்டுபோனார். ஜெயம்மாள் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இரு நைனா. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.