உரிந்த பல்லியின் முதுகு

அருங்காட்சியகத்தில் பல்லிகளை ஆராயும் சஹூலியின் குப்பியில் இருந்த பல்லிக்கு உடம்பில் ஒரு செதில்கூட இல்லை. பதினோரு வருஷமாகச் சாராயத்தில் மிதக்கிறது, தூக்கத்தில் போர்வை நழுவியது தெரியாத குழந்தை மாதிரி. பிடித்தவர் வெறுங்கையால் பிடித்திருக்கிறார். அந்த ஜாதிப் பல்லியைத் தொட்டால் போதும், செதிலையெல்லாம் உதறிவிட்டுத் திமிறும். செதிலைப் பார்க்காமல் எந்த இனம் என்று சொல்ல வழியில்லை. முதுகில் அரிசிமணி நீளத்தில் ஏழு கறுப்புக் கோடுகள் மட்டும் உண்டு. அப்படி வேறெந்தப் பல்லியின் தோலிலும் அவள் கண்டதில்லை. இது புது இனம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். கூட வேலை பார்க்கும் ரனைவு, இறகு பிடுங்கின கோழியைக் காட்டி என்ன ரகம் என்று கேட்கிறாயே என்று சிரிப்பார். அடுத்த மாதம் அவளுக்குப் பணி ஓய்வு. பிறகு குப்பி பெயரில்லாமலே அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும்.

ஆகையால் மேட்டுநாட்டுத் தலைநகரிலிருந்து வடக்கே, அந்தப் பல்லி பிடிபட்ட சுண்ணாம்புப் பாறைக்கே வந்துவிட்டாள். பாறையடியில் வனிலாக் கொடி பயிரிட்டிருக்கும் சுவாஸாரா துணைக்கு வந்தாள். குகைகளில் அவளுடைய முன்னோரின் எலும்புகள் கிடந்தன. அங்கே எந்த உயிரையும் கொல்லக்கூடாது. விரல் நீட்டி எதையும் சுட்டக்கூடாது, மடக்கித்தான் காட்ட வேண்டும். பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும் என்று சஹூலியிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள். பிறகு தரையில் கொஞ்சம் ரம் ஊற்றி, மேட்டுநாட்டுக்காரி ஒருத்தி வந்திருக்கிறாள், பேச்சு ஒரு மாதிரி, ஆள் மோசமில்லை என்று குகையில் கிடக்கும் பெரியவர்களிடம் சொல்லிவைத்தாள்.

மத்தியான வெயிலில் பாறை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று சஹூலிக்கே புரியவில்லை.

"அதோ தூங்குது பாருக்கா," என்றாள் சுவாஸாரா.

மடக்கிய விரல் எந்தப் பிளவைக் காட்டியதோ. இடப்பக்கம்தான் என்று நினைத்து, சஹூலி மெத்தென்று அள்ள வைத்திருந்த பஞ்சை நீட்டினாள். வலப்பக்கத்தில் முழங்கை எதிலோ உரசியது. சருகு உதிர்வதுபோலச் சின்னச் சத்தம். பாறைமேல் செதில்கள் வெள்ளிப் பொடியாய்ச் சிதறிக் கிடந்தன.

சஹூலி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அழறியா? உங்க ஊர்ல செத்தவங்களையே கல்லறையிலேர்ந்து வெளிய எடுத்துப் புதுத்துணி சுத்துவீங்க. இது உசிரோட துணியக் கழட்டிக் குடுத்திருக்கு, இதுக்குப் போய் அழறே."

"ஓடிடுச்சில்ல?"

"எங்க ஓடும்? உள்ளதான் நிக்குது, அம்மணமா."

சஹூலி எட்டிப் பார்த்தாள். இருட்டில் இளஞ்சிவப்பாய் ஒரு முதுகு. அதன்மேல் ஏழு கறுப்பு அரிசிமணிகள். செதிலோடு பிடித்திருந்தால் அவை கண்ணிலேயே பட்டிருக்காது. குப்பியில் இருப்பதும் இதுவும் ஒன்றுதான். இதன் செதில்தான் அதன் செதில்.

"இத எடுத்துக்கலாமா?" என்றாள், சிதறிக் கிடந்த செதில்களைப் பார்த்து.

சுவாஸாரா பாறையை நிமிர்ந்து பார்த்தாள். யாரோ சொல்வதைக் கேட்பதுபோலத் தலையாட்டினாள்.

"நீ கொல்லலையே. அதுவா உதறுனது. மூச்ச அடக்கி எடு, பறந்துடும்."

முதல் செதிலை அளவுகோல்மேல் வைத்தாள். அவள் நோட்டில் உள்ள எந்த இனத்தின் செதிலும் அதில் பாதி அளவுகூட இல்லை. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும். இனி இதற்கு ஒரு பெயர் உண்டு. ரனைவு சிரிக்கமாட்டார். நோட்டில் அளவை எழுதினாள்.

"சட்ட மறுபடி எப்ப முளைக்கும்?" என்றாள் சுவாஸாரா.

"ரெண்டு மூணு வாரம் ஆகும்."

"அப்ப அதுவரைக்கும் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன். பாவம், அதுக்குக் கூச்சமா இருக்கும்."