குப்பைக்கூடையில் முட்டை ஓடு

1.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் காதில் விழுந்த ஒரே பேச்சிலிருந்து இந்தக் கதை கிளம்பியது: "வீட்டுல யாரோ பிள்ளைக்கு ஒளிச்சுக் குடுக்குறாக." சொன்ன பெண் யாரென்று தெரியாது. தேவிகா என்று பெயர் வைத்து ஒக்கூரில் குடியேற்றினேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. எதையும் சட்டென்று நம்பிவிடாதீர்கள்.

2.

(முதல் தொடக்கம்: "அமினோ அமிலங்கள் இருபது வகை. அவற்றை வரிசையாகக் கோத்துத்தான் உடம்பு தன் புரதங்களை..." வேண்டாம், பள்ளிக்கூட வாடை.)

தேவிகாவின் மூன்று வயது மகள் கிருத்திகாவுக்கு அந்த இருபதில் ஒன்று ஒத்துக்கொள்ளாது. பினைல் அலனின் என்று பெயர். வளர்வதற்குக் கொஞ்சம் வேண்டும். மிஞ்சியதை மாற்றும் நொதி அவள் உடம்பில் சரியாக இல்லை.* ரத்தத்தில் ஏறினால் மூளை கெடும். ஆகவே பருப்பு, பால், முட்டை, கறி கிடையாது. அளந்த சோறு, காய், அந்த ஒன்றை மட்டும் நீக்கி டாக்டர் தரும் புரத மாவு.

*நொதியும் புரதம்தான். கோத்த வரிசையில் எங்கோ பிசகு. தேவிகா அத்தை மகனைக் கட்டியவள்; பிசகு இரண்டு பக்கமிருந்தும் வந்தது.

போன மாதம் காய்ச்சலுக்குப் பிறகு ரத்தச் சோதனையில் அதன் அளவு ஏறியது. தேவிகா பயந்துபோய்ச் சோற்றையும் மாவையும் பாதியாகக் குறைத்தாள். அடுத்த சோதனையில் இன்னும் ஏறியது. உடனே அவளுக்கு நினைவு வந்தது கூடவே இருக்கும் நாத்தனார் ஈஸ்வரியின் முகம்தான். "பச்சப்பிள்ளைய இப்படிப் பட்டினி போடலாமா" என்று முணுமுணுப்பவள்.

அன்று குப்பைக்கூடையில் முட்டை ஓடு கிடந்தது. கிருத்திகா பிறந்தபின் முட்டையே வாங்காத வீடு.

3.

"மதினி, பிள்ளைக்கு முட்டை குடுத்தீகளா?"

"சத்தியமா இல்ல தேவிகா."

"பொய் சொல்லாதீக. எம்பிள்ளை மூளை கெட்டா நீங்களா பாப்பீக?"

ஈஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு [குற்றமா, அவமானமா? எழுதும்போதே எனக்குச் சந்தேகம்] பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

4.

முடிவு ஒன்று: ஈஸ்வரிதான் கொடுத்தாள். ரொம்பச் சுலபம்.

முடிவு இரண்டு: தகப்பன் முத்தரசு கடையிலிருந்து வரும்போது... இந்த வரியை அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: டாக்டர் அனுசுயா போனில் கேட்டார். "சாப்பாட்டைக் குறைச்சீங்களா?"

"பாதியாக் குறைச்சேன் டாக்டர்."

"அதான்மா. வயித்துக்குப் பத்தலன்னா உடம்பு தன் சதையவே கரைக்கும். சதையில இருக்கிற பினைல் அலனின் ரத்தத்துல ஏறிரும். காய்ச்சல்லயும் அப்படித்தான். யாரும் ஒளிச்சுக் குடுத்திருக்கணும்னு இல்ல."

"அப்ப அந்த முட்டை ஓடு?" என்றாள் தேவிகா. டாக்டரிடம் அல்ல, என்னிடம்.

5.

நான்தான் போட்டேன். ஈஸ்வரிமேல் சந்தேகம் வலுக்க ஓர் ஆதாரம் தேவைப்பட்டது. நீங்களும் அவளைத்தானே பார்த்தீர்கள்? இப்போது அந்த வரியை அடித்தாலும் தேவிகா கேட்டது கேட்டதுதான்.

பஸ்ஸை நான் இன்னும் வரவிடவில்லை. "அத்தை எங்குட்டு?" என்கிறது பிள்ளை. தேவிகா செருப்பைத் தேடுகிறாள். கூப்பிட்டால் ஈஸ்வரி திரும்பி வருவாளா என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நிறுத்தத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் போய்க் கேளுங்கள். என்னை அவள் நம்பமாட்டாள்.