சகலை கட்டின கேபிள்

பெரிய மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டுல 'டாக்டர்'னு பேரு. பொழப்பு என்னவோ ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பர்தான். ஆனா அந்தக் குடும்பத்துல யார் கம்ப்யூட்டர் படுத்தாலும் எழுப்பி உக்கார வைக்கிறது அவரு. மச்சினிச்சிக்குக் கல்யாணம் ஆகற வரைக்கும் அந்தப் பேருக்குப் போட்டியே இல்ல.

அப்புறம் சகலை வந்தான். அவனுக்கும் கம்ப்யூட்டர் தெரியும். கழட்டின ஸ்க்ரூவை மறக்காம கிண்ணத்துல போட்டு வைக்கிற ஆளு. டாக்டரு கழட்டினா ரெண்டு ஸ்க்ரூ கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கும்.

ஒரு நாள் மாமனார் போன் பண்ணாரு. அவரு வீட்டுலயே உக்காந்து மொழிபெயர்ப்பு வேலை பண்றவரு.

"மாப்ள, சின்னவரு புது ஹார்ட் டிஸ்க் மாட்டிட்டாரு. பழைய ஃபைலெல்லாம் தனியா காப்பி எடுத்துட்டாரு. விண்டோஸ் போடற நேரத்துக்கு ஆபீஸ்ல கூப்பிட்டாங்கன்னு போயிட்டாரு. மீதியை மட்டும் நீங்க வந்து பாக்கறீங்களா?"

மீதி. இந்த வார்த்தை டாக்டருக்குச் சுருக்குன்னு குத்துச்சு. அவன் விருந்து சாப்பிட்டுப் போவான், நான் இலை எடுக்கணுமா? ஆனாலும் கிளம்பினாரு. போகலன்னா அந்த மீதியையும் அவனே வந்து முடிச்சிடுவானே.

பென் டிரைவைச் சொருகி இன்ஸ்டால் பண்ண வேண்டியதுதான் பாக்கி. பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல. ஆனா கை சும்மா இருக்குமா? திறந்தாரு. உள்ள ஒயரெல்லாம் வாரிப் பின்னின சடை மாதிரி ஒழுங்கா ஓடுது, அங்கங்க குட்டிக் குட்டியா பிளாஸ்டிக் கட்டு. இத்தனை வருஷத்துல ஒரு பெட்டியையும் அவரு இப்படி மூடினது கிடையாது. பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"இப்படி இறுக்கிக் கட்டினா காத்து எப்படிப் போகும்"னு சத்தமா சொல்லிட்டு, சமையல்கட்டுலேர்ந்து கத்தரிக்கோலை எடுத்துட்டு வந்து, அந்தப் பிளாஸ்டிக் கட்டெல்லாத்தையும் டக்கு டக்குன்னு வெட்டிப் போட்டாரு. மனசு கொஞ்சம் ஆறுச்சு.

அப்புறம் இன்ஸ்டால் ஆரம்பிச்சுது. பாதி ஓடிட்டு நின்னுடுச்சு. திரும்பப் போட்டாரு. இந்தத் தடவை டிஸ்க்கே கண்ணுல படல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா இருக்கு. பார்ட்டிஷனை அழிச்சு புதுசா போட்டாரு. பென் டிரைவை மாத்தினாரு. கம்ப்யூட்டர் கிளம்பறப்போ வர்ற பயாஸ் செட்டிங்குக்குள்ள போய்ப் பாத்தாரு, டிஸ்க் ஒரு தடவை தெரியுது, ஒரு தடவை காணோம்.

டிஸ்க் இப்படிக் கண்ணாமூச்சி ஆடினா மொதல்ல கேபிளை மாத்திப் பாக்கணும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக் குடுத்ததே அவருதான். அன்னைக்கு அது ஞாபகத்துக்கே வரல. சகலை வாங்கின டிஸ்க்கு, அப்போ கோளாறு டிஸ்க்குலதான்னு மனசு ஏற்கெனவே தீர்ப்பு எழுதிடுச்சு.

"மாமா, டிஸ்க்கே சொத்தை"ன்னாரு. சொல்றப்போ வாயில வெல்லம் கரையற மாதிரி இருந்துச்சு.

கூட வந்திருந்த பொண்டாட்டி ஒரு பார்வை பாத்தா. "என் தங்கச்சி வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்தாருன்னதும் சொத்தையாயிடுச்சாக்கும்."

"உனக்கென்னடி தெரியும்?"

"டிஸ்க்கைப் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்களைப் பத்தித் தெரியும்."

மாமனார் பாவம், யாரையும் நோகடிக்கத் தெரியாதவரு. ஓரமா போய் சின்னவருக்குப் போன் போட்டுட்டாரு. சாயங்காலம் அவன் ஆபீஸ் பையோட நேரா வந்து இறங்கிட்டான்.

"என்னண்ணா, மொரண்டு பண்ணுதா?"

"நீ வாங்கின சாமானு. உன்னை மாதிரிதான இருக்கும்."

சிரிச்சுக்கிட்டே குனிஞ்சான். வெட்டிப் போட்ட கட்டெல்லாம் தரையில கிடந்துச்சு. பாத்தான், ஓரமா ஒதுக்கி வச்சான். சும்மா கிடந்த டிவிடி டிரைவோட கேபிளைப் பிடுங்கி டிஸ்க்குல மாட்டினான். இன்ஸ்டால் தடங்கலே இல்லாம கடைசி வரைக்கும் ஓடுச்சு.

டாக்டருக்குக் காது சுட்டுச்சு.

சகலை பழைய கேபிளை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தான். நடுவுல கத்தரிக்கோல் கடிச்ச தழும்பு, உள்ள இருக்கற கம்பி பளிச்சுன்னு தெரியுது. டாக்டரும் பாத்துட்டாரு. போச்சு, இன்னையோட அந்தப் பேரும் போச்சுன்னு நினைச்சாரு.

"என்ன மாப்ள கோளாறு?"ன்னாரு மாமனார்.

"கேபிள்தான் மாமா. நான்தான் மட்டமானதா வாங்கிட்டேன்." சொல்லிக்கிட்டே அதைச் சுருட்டிப் பாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டான்.

"அதானே. சாமான் வாங்கறப்போ இனிமே டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க."

"சரிங்க மாமா."

டாக்டரு ஆசைப்பட்டதும் அதுதான். பேரு அப்படியே கையில இருக்கு. ஆனா அதை வாங்கிக்க மனசு வரல. வேலையில ஜெயிச்சான், சரி. இந்தப் பெருந்தன்மையும் அவனுக்கே வாய்க்கணுமா? ஆசை தீரத் திட்டக்கூட வழியில்லாம பண்ணிட்டானே.

"மாமா, கேபிள்ல குத்தமில்ல. பிளாஸ்டிக் கட்டெல்லாம் வெட்டறப்போ நான்தான் அதையும் சேத்துக் கடிச்சிட்டேன்"னாரு.

பொண்டாட்டி உடனே, "காத்து போகணும்னு வெட்டினாருப்பா"ன்னா.

சகலை அடக்க முடியாம சிரிச்சிட்டான். டாக்டருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு, வந்தது பிடிக்கல.

அடுத்த வாரம் மாமனார் போன். "டாக்டரு, பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்குது."

"சின்னவரைக் கூப்பிடுங்க மாமா, அவன் நல்லா பாப்பான்"னாரு.

மனசாரத்தான் சொன்னாரு. போனை வச்சதும் பொறுக்கல. கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளயே அங்கயும் இங்கயும் நடந்தாரு. அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டாரு.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா. அவன் எப்படிப் பாக்கறான்னு பாத்துட்டு வரேன்."

"கத்தரிக்கோல் அம்மா வீட்டுலயே இருக்கு, எடுத்துட்டுப் போக வேண்டாம்"னா அவ.