ஐந்து பேருக்கு ஒரு கை

ஊர்க்கூட்டம் வழக்கம்போல் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. கூடைப்பந்து வளையத்தை மேலே மடித்துக் கட்டிவிட்டு, அதன் கீழே நீள மேசை போட்டு ஊர்த் தலைவரும் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். வாக்குரிமை உள்ளவர்களுக்குக் கூடத்தின் நடுவில் நாற்காலிகள். இல்லாதவர்களுக்குச் சுவரோரம் ஒரேயொரு நீள வாங்கு. அதன் முன்னால் 'விருந்தினர்' என்று எழுதிய அட்டை நின்றது. அந்த வாங்கில் சிவகலா மட்டும் இருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்ததால் அவளுடைய குளிர்க்கோட்டில் சலவைத்தூள் மணத்தது.

அவளுடைய மூத்த மகள் கிருசிகா நடுவில், ஐந்தாவது வரிசையில் இருந்தாள். பத்தொன்பது வயது. இந்த நாட்டில் பிறந்தவள். சென்ற ஆண்டு தனியாக விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவள். வீட்டில் ஐந்து பேர். அந்தக் கூடத்தில் எண்ணப்படக்கூடிய கை அவளுடையது ஒன்றுதான்.

சுவிட்சர்லாந்தின் சூக் நகரத்திலிருந்து பஸ்ஸில் வரக்கூடிய தூரத்தில் இருக்கும் அந்தச் சிற்றூர் வசதியானது. ஏரியைப் பார்த்த சரிவில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் கொடுத்த வரியில், ஊர் நிர்வாகம் பல ஆண்டுகளாக ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து வந்தது. சம்பளத்தோடு வரும் அரசாங்கப் பிள்ளைக்காசுக்கு மேலதிகமான காசு அது. பணக்காரன், ஏழை என்று யாரையும் கேட்பதில்லை. பிள்ளை இருந்தால் காசு வரும். 2015 டிசம்பரில் நடந்த இந்தக் கூட்டத்தில் அதை மாற்றும்படி ஒரு முன்மொழிவு வந்திருந்தது. கூடிய வருமானம் உள்ள வீடுகளுக்கு நிறுத்துவது, குறைந்த வருமானம் உள்ள வீடுகளுக்கு இரட்டிப்பாக்குவது.

முன்மொழிந்தவர் ஊர் மருந்துக்கடையின் உரிமையாளர் திருமதி இம்ஹோஃப். கிருசிகா அந்தக் கடையில்தான் லேரை என்னும் தொழிற்பயிற்சியில் இருக்கிறாள். கையெழுத்துத் தாள் கடை மேசையில் கிடந்த வாரங்களில் இருமல் மருந்து வாங்க வந்தவர்களிடமெல்லாம் அவளே பேனாவை நீட்டினாள். முதல் கையெழுத்துகளில் ஒன்று அவளுடையது. இரட்டிப்பாகும் காசில் தம்பி நிலனுக்கும் தங்கச்சி யாதவிக்கும் என்னென்ன வாங்கலாம் என்று அம்மாவோடு கதைத்துக்கூட இருக்கிறாள்.

அச்சடித்த கூட்டப் புத்தகம் தபாலில் வந்த அன்று, அவளுடைய தகப்பன் வரதராசா அதைச் சமையலறையில் நின்றபடியே வாசித்தார். முதுகு வலியால் அவர் அதிகம் உட்காருவதில்லை. கடைசிப் பந்தியில், காசை இனிச் சமூக உதவி அலுவலகமே ஆராய்ந்து வழங்கும் என்று இருந்தது.

"உதிலை நீயும் கையெழுத்து வைச்சனியோ?"

"ஓம் அப்பா. எங்களுக்குக் கூடக் கிடைக்குமெண்டுதான்."

"கூடத்தான் கிடைக்கும். சோசியலிலை இருந்து."

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், உணவகச் சமையலறையில் வழுக்கி விழுந்து அவர் முதுகை முறித்துக்கொண்டபோது, குடும்பம் ஒரு வருடம் சமூக உதவிக் காசில் இருந்தது. அந்த வருட முடிவில் பெற்றோரின் விசாவைப் புதுப்பித்த கன்ரோன் என்னும் மாநில அரசின் அலுவலகம், எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தது. இன்னொரு முறை அந்தக் கதவைத் தட்டினால் விசா நீடிக்கப்படாது.

அதற்குப் பிறகுதான் சிவகலா முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை இரண்டு மணி தாண்டித்தான் முடியும். இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்கள் மத்தியானம் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடும். வரதராசா அந்நேரம் கிடங்கொன்றில் அரைநாள் வேலையில் நிற்பார். ஆகவே சின்னவர்கள் இருவரும் பள்ளிக்கூடத்து மத்தியானச் சாப்பாட்டு மேசையில் சாப்பிட்டார்கள். அந்த மேசைக்கான கட்டணம் ஊர் கொடுக்கும் பிள்ளைக்காசில் போனது. காசை வேண்டாமென்றால் மேசை இல்லை. மேசை இல்லையென்றால் சிவகலாவுக்கு வேலை இல்லை. அவள் வேலையை விட்டால் மறுபடி சோசியலின் வாசல்தான். காசை வாங்கினாலும் அதே வாசல்.

கிருசிகா ஊர் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, இந்தக் காசு சமூக உதவியாகக் கணக்கில் வருமா என்று கேட்டாள். அதைக் கன்ரோன்தான் தீர்மானிக்கும் என்றார்கள். கன்ரோனுக்கு எடுத்தாள். பெயர், முகவரியோடு எழுத்தில் கேட்கச் சொன்னார்கள். பெயரைக் கொடுத்தால் எந்தக் கோப்பு மேசைக்கு வரும் என்று நினைத்து, நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

திருமதி இம்ஹோஃபிடம், அந்த ஒரு வரியை மாற்ற முடியாதா என்று கேட்டாள். புத்தகம் அச்சாகிவிட்டது, வருமானத்தைப் பார்ப்பதற்கு ஊரில் வேறு அலுவலகமும் இல்லை என்றார் அவர். பிறகு அவளுடைய தோளைத் தொட்டு, "அங்கே வேலை செய்கிறவர்கள் மிகவும் நல்லவர்கள், கிருசிகா. உதவி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்றார். வெட்கம் அல்ல, விசா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் விசாக் கதை வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

இப்போது கூடத்தில் திருமதி இம்ஹோஃப் எழுந்து பேசிக்கொண்டிருந்தார். தனக்கு மூன்று பிள்ளைகள் என்றும், மாதாமாதம் வரும் காசைச் சேர்த்து பெப்ரவரியில் பனிச்சறுக்கப் போவதாகவும், அதை நினைத்தால் கூச்சமாக இருப்பதாகவும் சொன்னார். உண்மையாகவே அவருக்குக் கன்னம் சிவந்திருந்தது. பலர் கைதட்டினார்கள்.

அடுத்து கட்டட ஒப்பந்தக்காரர் பூர்கி எழுந்தார். இந்த ஊரில் யார் அதிக வரி கட்டுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், தன்னுடைய பிள்ளை மட்டும் பிள்ளை இல்லையா என்று கேட்டார். கட்டுகிறவனுக்கு ஒன்றும் திரும்பி வராவிட்டால், எத்தனை நாளைக்கு அவன் சந்தோஷமாகக் கட்டுவான் என்றும் கேட்டார். பின்வரிசையில் ஒருவர், "உங்கள் படகுக்கும் பிள்ளைக்காசு வருகிறதா, பூர்கி?" என்றார். கூடம் சிரித்தது. கிருசிகாவின் குடியுரிமை இதே கூடத்தில் வாக்குக்கு வந்தபோது, பெற்றோர் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று எழுந்து கேட்டவர் அவர்தான்.

வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்டார். கிருசிகா எழுந்தாள். ஒலிவாங்கி அவளிடம் வரும்வரை சுவரோரம் பார்த்தாள். கூட்டம் முழுவதும் சுவிஸ் ஜெர்மன் பேச்சுமொழியில், வேகமாக நடந்தது. சிவகலாவுக்குத் தெரிந்த டொச் மொழி சலவைக்கூடத்து டொச். வெள்ளை, நிறம், சூடு, கவனம். மகள் எழும்பியதைக் கண்டு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் இதற்கு எதிராகக் கை உயர்த்தப் போகிறேன்," என்றாள் கிருசிகா. திருமதி இம்ஹோஃப் திரும்பிப் பார்த்தார்.

"எங்களுக்கு இந்தக் காசு தேவை. ஆனால் எல்லோருக்கும் கொடுக்கும்வரைதான் அதை எங்களால் வாங்க முடியும். பூர்கி அவர்களுக்கும் வருகிறது என்பதால்தான் எங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் கொடுத்தால் அது உதவிக் காசு. உதவி வாங்கினால் என் அப்பா அம்மாவின் விசாவைப் புதுப்பிக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்திருக்கிறார்கள். வாங்காவிட்டால் அம்மாவால் வேலைக்குப் போக முடியாது. தயவுசெய்து, எங்களுக்காக இதைச் செய்யாதீர்கள்."

சொல்லி முடித்தபோதுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. விசாவும் எச்சரிக்கையும் இப்போது ஊர் முழுவதுக்கும் தெரியும். அப்பா கூட்டத்துக்கு வராதது நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

முன்வரிசையில் ஒரு மூதாட்டி கைதட்டத் தொடங்கினார். கூடம் முழுவதும் தட்டியது. சிலர் திரும்பி, விருந்தினர் வாங்கைப் பார்த்தும் தட்டினார்கள். சிவகலா எல்லோருக்கும் தலையாட்டிச் சிரித்தாள்.

மேட்டில் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் எழுந்தார். "நான் இல்லை என்று போடத்தான் வந்தேன்," என்றார். "அரசாங்கத்தின் வேலை பெருகிக்கொண்டே போவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இந்தப் பெண் பேசியதைக் கேட்ட பிறகு சொல்கிறேன். இப்படிப்பட்ட குடும்பம் நம் நடுவில் இருக்கும்போது பூர்கிக்கும் சமமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே. நான் ஆம் என்றுதான் போடுவேன்." கைதட்டல் முன்னதைவிடப் பலமாக எழுந்தது.

"இல்லை, நான் சொன்னது அது இல்லை," என்றாள் கிருசிகா. ஒலிவாங்கி அதற்குள் போய்விட்டது. ஒருவருக்கு ஒரு முறைதான் என்று தலைவர் மரியாதையாகச் சொல்லி, விவாதத்தை முடித்தார்.

ஆதரிப்பவர்கள் கை உயர்த்தச் சொன்னதும் நாற்காலிகளுக்கு மேலே கைகள் எழுந்தன. வாக்கு எண்ணும் பெண் வரிசை வரிசையாக விரலை நீட்டி எண்ணியபடி வந்தாள். சுவரோரமும் ஒரு கை உயர்ந்திருந்தது. சிவகலா கோட்டின் கை முழங்கைவரை சரிந்து விழ, கையை நேராக, உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். எண்ணும் பெண்ணின் விரல் வாங்குக்கு நேரே வந்து, அதைத் தாண்டி அடுத்த வரிசைக்குப் போனது.

எதிர்ப்பவர்கள் என்றபோது கிருசிகா கையை உயர்த்தினாள். சிவகலா அப்போது சரிந்த கோட்டின் கையைக் குனிந்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் பூர்கியும் அவரைச் சுற்றி இருந்தவர்களும் உயர்த்தினார்கள். பூர்கி திரும்பிப் பார்த்து, ஒரு கூட்டாளிக்குச் செய்வதுபோல் தலையசைத்தார். முன்மொழிவு பெரும்பான்மையால் நிறைவேறியது. ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வரும்.

கூட்டம் முடிந்து வெள்ளை வைனும் பின்னல் ரொட்டியும் வைத்திருந்த மேசையருகே திருமதி இம்ஹோஃப் அவளைக் கட்டிப்பிடித்தார். அவருடைய கண் ஈரமாக இருந்தது. எச்சரிக்கை விஷயம் எனக்குத் தெரிந்திருந்தால் அந்த வரியை எழுதியே இருக்கமாட்டேன் என்றார். கன்ரோனுக்குத் தானே ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னார், அவளுடைய பெற்றோரின் முழுப் பெயரையும் கேட்டார். வேண்டாம் என்றாள் கிருசிகா. "எப்படியோ, இன்று உங்கள் பேச்சுதான் இதைத் தீர்மானித்தது," என்றார் அவர். "நாளைக் காலை கடையில் பார்ப்போம்."

பஸ் தரிப்பிடத்தில் ஈரப் பனி தூறியது. அம்மா அவளுடைய கையைத் தன் கோட்டுப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் என்னமாதிரிக் கைதட்டினவை. என்னையும் திரும்பிப் பாத்தவை, கண்டனியோ? வெண்டிட்டம் என்ன?"

"இல்லை அம்மா."

"பகிடி விடாதை."

"தோத்திட்டம். முதல் தூக்கின கையள் எல்லாம் எங்களுக்கு எதிரான கையள்."

பைக்குள் சிவகலாவின் விரல்கள் இறுகின.

"அப்ப மத்தியானம் பிள்ளையளை ஆர் பாக்கிறது?"

"நான் நிப்பன்."

"லேரையை விட்டிட்டோ?"

கிருசிகா பஸ் வரும் பக்கம் பார்த்தாள். அம்மா தன் கையை வெளியே எடுத்தாள். கூடத்தில் இன்னும் விளக்கு எரிந்தது. கதவருகே அந்த எண்ணும் பெண் யாரோடோ சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றாள்.

"நானும் தூக்கினனான் பிள்ளை. உனக்காண்டித்தான் எல்லாரும் தூக்கினவையெண்டு நினைச்சுத் தூக்கிப்போட்டன்." அவள் தெருவில் இரண்டடி இறங்கி நின்றாள். "வா, அவவிட்டைப் போய்ச் சொல்லுவம். தெரியாமல் தூக்கினது, அந்தக் கையைக் கழிச்சுப் போட்டு எண்ணச் சொல்லிக் கேட்பம்."

"அதை எண்ணேல்லை அம்மா," என்றாள் கிருசிகா.