பின் சீட்டில் ஆள் உண்டு

காரை விற்க விளம்பரம் கொடுத்தபோது, பின் சீட்டில் என் மனைவி இருப்பதையும் சேர்த்தே போட்டேன். 'உலகப் போருக்கு முந்தைய செடான். முழுக்கப் புதுப்பித்தது. பின் சீட்டில் ஆள் உண்டு.' வாங்குகிறவர் வந்து பார்த்துவிட்டு முகம் சுளிக்கக் கூடாது. எனக்கு ஒளிவுமறைவு பிடிக்காது.

விற்கச் சொன்னதே குமுதவல்லிதான். ஒன்று முக்கொம்புக்குக் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை விற்றுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதக்காரி. நானும்தான்.

வண்டியில் ஒரு குறை சொல்ல முடியாது. உறையூரில் ஒரு நெல் குடோனில் கோழி அடைந்து கிடந்ததை வாங்கி வந்தேன். தகரத்தைத் தட்டி நிமிர்த்தினேன். கறுப்பும் மரூனுமாகப் பெயின்ட் அடித்தேன். சீட்டுக்குத் தோல் தைத்தேன். டாஷ்போர்டு கடிகாரம் உட்பட எல்லாம் அந்தக் காலத்துச் சாமான். வேலை முடிவதற்குள் எங்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

முதல் சவாரிக்கு ஒரு வெள்ளிக்கிழமை குறித்தோம். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் கிளம்ப வேண்டும். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். குமுதவல்லி பட்டுப்புடவை கட்டி, புளியோதரைத் தூக்கோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் பானெட்டை இன்னொரு தடவை துடைத்துவிட்டு வருவதாகச் சொன்னேன். துடைத்தேன். ஏறப் போனபோது கடிகாரத்தில் பத்தே முக்கால்.

பன்னிரண்டு வரை பொறுத்திருப்போம் என்றேன். ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கினால் சகுனத்தடை என்றும் சொன்னேன். அவள் இறங்கவில்லை. நொடி முள் ஓடியது. மணி நகரவில்லை.

அன்றிலிருந்து வண்டிக்குள் வெள்ளிக்கிழமை பத்தே முக்கால். வெளியே சனிக்கிழமை வந்தது. பிறகு தீபாவளி, பொங்கல் எல்லாம் வந்தன. கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவரை அழைத்துவந்து காட்டினேன். கடிகாரத்தில் பழுதில்லை, நேரம்தான் அப்படி என்றார்.

புளியோதரையில் இன்னும் சூடு ஆறவில்லை. எலுமிச்சம்பழங்கள் டயரைத் தொடும் பக்கம் பச்சையாகவும் மறுபக்கம் காய்ந்தும் இருக்கின்றன. பின் சீட்டுதான் பின்னால் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். இப்போது எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல் சத்தம் போட வேண்டியிருக்கிறது. பதில் வருவதற்குள் நான் என்ன கேட்டேன் என்பதே மறந்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் வண்டி அதே நீளம்தான்.

வாங்க வந்தவர்கள் எல்லோரும் பானெட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், தோலைத் தடவுவார்கள். கடிகாரத்தைப் பார்த்ததும் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். ஒருவர் ஜோசியரோடு வந்தார். ஜோசியர் கேட்டுக்கு உள்ளேயே வரவில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. விற்காதவரை அவள் என் ஷெட்டில்தான் இருப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயசிங் தாசையா வந்தார். பாளையங்கோட்டையில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போக வண்டி வேண்டுமாம். குனிந்து உள்ளே பார்த்தார்.

"பின்னால யாரோ இருக்காவளே."

"என் சம்சாரம்."

"எங்க இறங்குவாவ?"

"முக்கொம்புல."

"அப்ப போற வழிதான்."

பாளையங்கோட்டைக்கு முக்கொம்பு வழி கிடையாது. நான் திருத்தவில்லை. அவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்றார். இது ராகு காலம் என்று சொன்னேன்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்."

"நாங்க பாக்கறதில்ல சார்."

ஸ்டார்ட்டரை அமுக்கினார். வண்டி ஒரே அமுக்கில் கிளம்பியது. அவ்வளவு நல்ல வேலை. எனக்குப் பெருமையில் கண் கலங்கியது. சக்கரம் உருண்டு நாலு பழமும் நசுங்கின. உள்ளேயிருந்து, வெகு தூரத்திலிருந்து, குமுதவல்லியின் குரல் வந்தது.

"ஏறுங்க. புளியோதரை ரெண்டு பேருக்குத்தான் கட்டியிருக்கேன்."

ஓடிப்போய் வண்டிப் படியில் ஒரு காலை வைத்தேன். அவளைவிட்டு இருக்க எனக்குத் தெரியாது. முன் சீட்டில் இடம் இருந்தது. தாசையா வண்டியை மெதுவாக்கினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நீ போயிட்டே இரு" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். "இது முடிஞ்சதும் பின்னாலயே வரேன்."

காலை எடுத்தேன். வண்டி கேட்டைத் தாண்டியது. தெருவில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். வெயிலில் மரூன் நிறம் நன்றாகத்தான் இருந்தது. பின் கண்ணாடியில் பட்டுப்புடவை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. முனையில் வண்டி திரும்பியது.

அதற்குப் பிறகுதான் அவள் பதில் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது.

"பரவால்ல. அவருக்குக் குடுத்துக்கறேன்."

முக்கொம்பு ஒன்றும் தூரமில்லை. பஸ் இருக்கிறது. ராகு காலம் முடிந்ததும் கிளம்பலாம் என்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டேன். மணி என்ன என்று கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே முக்கால். நொடி முள் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் காலண்டர் வெள்ளிக்கிழமை காட்டியது.

பானெட் துடைக்கும் துணி தோளில் இருந்தது. நேரம் இருக்கிறதே என்று ஷெட்டுக்குப் போய், வண்டி நின்ற இடத்தைத் துடைத்தேன்.