பின்வேலிக்கு அப்பால்

வீடு பார்க்கப் போகும் இடமெல்லாம் யோகா முதலில் பின்வளவுக்குத்தான் போவாள். ரயில் நிலையம் எவ்வளவு தூரம், கூரை ஒழுகுமா என்று கணவர் சச்சிதானந்தன் தரகரிடம் விசாரித்துக்கொண்டிருக்க, அவள் பலகை வேலியின் உயரத்தைக் கண்ணால் அளப்பாள். அப்பால் இருக்கும் வீட்டின் பின்கதவை வெகுநேரம் பார்த்து நிற்பாள்.

சென்ற ஆண்டு, எழுபத்தேழாம் ஆண்டு ஆவணியில், கொழும்பில் அவர்களுடைய வீட்டு வாசலில் தமிழரைத் தாக்க வந்த கூட்டம் திரண்டபோது இருவரும் பின்மதிலேறிக் குதித்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பலகாரம் கொடுத்து வாங்கிப் பழகிய வீடு. உள்ளே வானொலி பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். கதவு திறக்கவில்லை. பொழுது சாயும்வரை புதருக்குள் கிடந்து உயிர் தப்பினார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு, மெல்பேர்ணுக்கு வந்தபின் அயல் என்பது அவளுக்கு ஒரே கேள்வியாகச் சுருங்கிவிட்டது: தட்டினால் திறப்பார்களா? இதை எந்தத் தரகரிடம் கேட்பது?

அந்தச் சனிக்கிழமை அவர்கள் பார்க்கப் போனது நகரின் மல்கிரேவ் பகுதியில் ஒரு செங்கல் வீடு. காரில் வரும்போதே கணவர் சொன்னார்.

"ஏலத்தில விடுறாங்களாம். நீர் உள்ளுக்க வடிவாப் பாரும். ஏலத்தில நான் விலை கேக்கிறன்."

"கோயில் மாம்பழம் ஏலம் விடுற மாதிரியோ?"

"ஓம். ஆனா இந்த மாம்பழத்துக்குச் சாகுமட்டும் காசு கட்டவேணும்."

ஏலம் என்றால் ஒரு மண்டபம், ஒரு மேசை, ஒரு மணி என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். இந்த ஊரில் விற்கும் வீட்டின் முன்னால், தெருவிலேயே நின்று கூவுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்லவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

குசினியில் அடுப்புக்கு மேலிருந்த அலுமாரிகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவள், வீடு பார்க்க வந்த மற்றவர்களின் பேச்சொலி அடங்கிவிட்டதைத் தாமதமாகத்தான் உணர்ந்தாள். அறைகள் வெறுமையாக இருந்தன. முன்னறைக்குப் போய்த் திரையை விலக்கினாள்.

புல்தரையிலும் தெருவிலும் ஆட்கள். எல்லா முகங்களும் இந்த வீட்டையே நோக்கியிருந்தன. படியில் ஏறி நின்ற ஒருவன் கையை வீசிக் கத்தினான். அவன் கத்தக் கத்த, கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொரு கை. கணவரை அந்தத் தலைகளுக்குள் தேடினாள்; காணவில்லை. அவர்களின் காலடியில் அவர் விழுந்து கிடக்கிறார் என்று அவள் மனம் முடிவு கட்டியது. ஏலம் என்ற சொல் நினைவிலிருந்தே உதிர்ந்துபோயிற்று.

ஓடினாள். பின்கதவு, புல், வேலி. ஏறிக் குதித்தபோது சேலை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. அப்பால் கறுப்புடை அணிந்த வயதான பெண்ணொருத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.  யோகா தெருப்பக்கம் கையைக் காட்டி, "ஆட்கள்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. ஈரத்துணியைப் புல்லில் போட்டாள், யோகாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தாள், கதவைத் தாழிட்டாள். யோகாவைச் சுவரோரக் கதிரையில் அமர்த்திவிட்டு, ரொட்டி உருட்டும் கட்டையை ஓங்கிப் பிடித்தபடி கதவைப் பார்த்து நின்றாள். 

தெருவில் கைதட்டல் கேட்டது. அந்தப் பெண் சன்னலின் ஓரமாக எட்டி, இரு வீட்டுக்கும் பக்கத்தில் ஓடிய சந்தின் வழியே தெருவைப் பார்த்தாள். கட்டையை மெல்லத் தாழ்த்தினாள்.

"ஏலம்," என்றாள் உடைந்த ஆங்கிலத்தில். "வீடு விற்கிறார்கள். அவ்வளவுதான்."

ஆனால் தாழைத் திறக்கவில்லை. தன் பெயர் எலெனி என்றாள். நாலு வருடத்துக்கு முன் சைப்ரஸ் தீவில் அந்நியப் படை நுழைந்தபோது, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டு ஓடிவந்தவள். கிழிந்த சேலையைப் பார்த்து, "அடுத்த முறை வாசலாலும் வரலாம்," என்றாள்.

யோகாவைத் தேடி அலைந்த சச்சிதானந்தன் கடைசியில் அந்த வீட்டு முன்கதவுக்கு வந்தார். எலெனி அவரை உள்ளே விட்டு மறுபடி தாழிட்டாள்.

"எங்க போனனீர்? எனக்கு ஈரல்குலை நடுங்கிப் போச்சு."

"நீங்கள் செத்துப்போனியள் எண்டு நினைச்சன்."

அவர் அவளுடைய சேலைக் கிழிசலைப் பார்த்தார். பிறகு, "என்ர விலைக்கு மேல ஒருத்தரும் போகேல்லை," என்றார். "வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் கூடக் கேக்கிறார். ஓமோ இல்லையோ, இப்பவே சொல்லவேணும். உமக்குப் பயமெண்டால் விடுவம்."

"பயம்தான். எந்த வீட்டில இருந்தாலும் பயம்தான்."

"அப்ப விடுவமோ?"

"இவ என்னை ஒரு கேள்வி கேக்கேல்லை," என்றாள் யோகா. "ஓமெண்டு சொல்லுங்கோ."

"அப்ப வாரும், ரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும். தரகரும் வீட்டுக்காரரும் அந்த வீட்டு வாசலில நிக்கிறாங்கள்."

அவள் எழுந்தாள். சன்னல் வழியே தெரிந்த தெருவில் ஆட்கள் இன்னும் கூடிக்கூடிப் பேசிக்கொண்டு நின்றார்கள். யாரோ உரக்கச் சிரித்தார்கள்.  அவள் கதிரையில் மீண்டும் அமர்ந்தாள்.

"சனம் கலையட்டும்," என்றாள். "பிறகு வாறன்."