வெளுப்பு

தொட்டிலைச் சுற்றி நின்றவர்கள் மாமியார், நாத்தனார், பிள்ளையின் தகப்பன். கட்டிலில் கிடந்தவள் பிள்ளையைப் பெற்றவள். அவளை ஆளாக எண்ணும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கறுத்த மருமகள் வந்து குடும்பத்தின் நிறத்தையே கெடுத்துவிட்டாள் என்பது கல்யாணத்தன்று தொடங்கிய பேச்சு.

"பொறந்தப்போ இவளாட்டம் இருந்தான். இன்னைக்குப் பாரு, பால் மாதிரி!" மாமியார் பூரித்தாள். "நம்ம வீட்டு ரத்தம் சும்மா விடுமா?"

"வயிறு நல்லா உப்பியிருக்கும்மா. மூக்குமுட்டக் குடிச்சிருக்கான்," என்றாள் நாத்தனார். "தப்பிச்சீங்க அண்ணி!"

விடிந்ததிலிருந்து பிள்ளை மார்பில் வாய் வைக்கவே இல்லை. கால் முன்னால் வந்ததால் மருத்துவச்சி அவன் வயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்த பிள்ளை. பெற்றவள் அவன் கீழுதட்டை விரலால் விலக்கினாள். உள்ளேயும் வெளுப்பு. பாதம் சில்லிட்டிருந்தது.

"உதட்டுக்கு உள்ளேயுமா அத்தை உங்க வீட்டு நிறம்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

"இந்த வெயில்லயா? மறுபடி கறுக்க வைக்கவா?"

"அம்மாவுக்குத் தெரியாதா?" என்றான் தகப்பன், சுவரைப் பார்த்து. செத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை அழகு பார்த்தது அந்த வீடு. அதற்குக் குடும்பப் பெருமை என்று பெயர் வேறு!

பெற்றவள் பச்சை உடம்போடு எழுந்து, பிள்ளையை வாரிக்கொண்டு, யாரையும் கேட்காமல் படியிறங்கினாள்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறினாள். ஸ்கேன் எடுத்தாள். "இழுத்ததுல கல்லீரல் கிழிஞ்சிருக்கும்மா. ரத்தமெல்லாம் வயித்துக்குள்ளயே தேங்குது. அதான் வெளுத்துட்டான். உடனே ரத்தம் ஏத்தி ஆபரேஷன் பண்ணணும்."

பின்னாலேயே வந்து சேர்ந்த மாமியார் கதவை மறித்தாள். "யாரோட ரத்தமோ! என்ன நிறத்துக்காரனோ!"

"எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் சிவப்புதாங்க," என்றாள் நர்ஸ். "உங்களுக்குப் பிடிச்ச நிறம். வழிய விடுங்க."

பிள்ளை பிழைத்தான். ரத்தம் ஊற ஊற, அம்மாவின் நிறம் அப்படியே வந்தது. அவன் வீடு திரும்புவதற்குள் தெருவெல்லாம் ஒரே பேச்சு. கிளப்பிவிட்டவள் மாமியார்தான்.

எதிர்வீட்டுக்காரி துணியை விலக்கிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில பிள்ளைய மாத்திட்டாங்களாமே? உங்க மாமியார் பேரன் செக்கச்செவேல்னு இருந்தானாமே?"

வாசலில் நின்ற மாமியாருக்கும் கேட்கும்படி அவள் சொன்னாள்:

"மாத்தலக்கா. சாகக் கிடந்தப்போ வெளுப்பா இருந்தான். இப்போ உயிரோட கறுப்பா இருக்கான்."